“ஃபார்மட் அடிச்சிரலாம் சார்!”



ஆண்டு மலரைப் பிரித்ததும் கவிதைப் பக்கத்தையும் குரூப் போட்டோவையும் தேடுவதுதான் நம் வழக்கம். நடுவில் ஒருவன் வந்து, பழைய மெயில் புரோகிராமில் எழுத்து கோணல்மாணலாகத் தெரிவதைப் பற்றிப் பேசினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். புரட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு ஆபீஸுக்குள் நுழையும்போது நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்கள், நாம் போய் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்பதும் இதில் சேர்த்திதான்.

நம்மவர்களிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? “ஃபார்மட் அடிச்சிரலாம் சார்.” பிரிண்டர் வரவில்லையா? “ஃபார்மட் அடிச்சிரலாம் சார்.” மெயில் ஒரு மாதிரி தெரிகிறதா? அதற்கும் அதே மந்திரம்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. கொளுத்தினவனுக்கு சர்வீஸ் சார்ஜ் கிடைத்துவிடும், வீடு யாருடையது என்பதுதான் கேள்வி!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மெயில் புரோகிராமில் திரையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் கடிதத்துக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. கடிதத்தைக் காட்டுகிற இடத்தில்தான் கோளாறு. ‘இருப்பது’ வேறு, ‘தெரிவது’ வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் கையில் ஃபார்மட் என்ற ஆயுதத்தைக் கொடுக்கக் கூடாது. டிப்ளமோ சர்டிபிகேட்டுக்கு மதிப்பு வேண்டும் என்றால், இதைப் பிரித்துப் பார்ப்பவர்களாக நாம் இருக்க வேண்டும்.

இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக கோவைப் பக்கம் ஒரு சின்ன பம்ப் செட் கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஷெட்டில் மோட்டார் வைண்டிங், மாடியில் ஆபீஸ். ஆபீஸில் ஒரே ஒரு அக்கா. பில், ஆர்டர், டிஸ்பாட்ச், மெயில் எல்லாம் அவர்தான். அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மெயில் புரோகிராமுக்கு வயதாகி வருஷக்கணக்காகிறது. கம்பெனிக்கு 2011-லிருந்து வந்த கடிதங்கள் அத்தனையும் அதற்குள்தான். சர்வரிலிருந்து இறக்கியதும் அங்கே அழித்துவிடும் பாப் முறையில் வைத்திருந்ததால், உலகத்தில் வேறெங்கும் அவற்றுக்கு நகல் கிடையாது.

ஒருநாள் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டது. கரண்ட் வந்தபின் மெயிலைத் திறந்தால் பட்டியல் எல்லாம் தாறுமாறு. ஒரு வரியை அமுக்கினால் வேறொரு கடிதம் திறந்தது. சில வரிகள் வெறுமையாக இருந்தன. அனுப்பியவர் பெயரே இல்லாமல், 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி என்று தேதி போட்டு நாலைந்து கடிதங்கள்!

“தம்பி, நான் அப்பப் பொறக்கவே இல்லீங்களே, எனக்கு யாரு மெயில் போட்டாங்க?” என்றார் அக்கா. சிரித்துவிட்டார், ஆனால் முகத்தில் கலவரம் தெரிந்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் ஒரு கஸ்டமருடன் தகராறு. தான் கேட்டது ஒரு ரக மோட்டார், கம்பெனி அனுப்பியது வேறு ரகம் என்று அவர் சாதிக்கிறார். அவர் அனுப்பிய ஆர்டர் அந்த மெயில் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்துக் காட்ட முடியாவிட்டால் அத்தனை மோட்டாரும் திரும்பி வரும். அப்போது முதலாளி யாரைக் கேட்பார்? கரண்டையா கேட்பார்?

வழக்கமாக வரும் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். வந்தார், பார்த்தார், மந்திரத்தைச் சொன்னார்.

அந்த 1970 விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். கம்ப்யூட்டர்கள் நேரத்தை எண்ணும் முறைகளில் ஒன்று, 1970 ஜனவரி 1-ஆம் தேதி தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணுவது. தேதி கிடைக்காத கடிதத்துக்கு அந்தக் கணக்கு பூஜ்யம். பூஜ்யம் என்றால் கிரீன்விச்சில் நள்ளிரவு. நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அதிகாலை 5.30. ரே டாம்லின்சன் நெட்வொர்க் வழியாக முதல் மெயிலை அனுப்பிப் பார்த்தது 1971-ல். ஆக, மெயில் பிறப்பதற்கு முந்தைய வருஷமே அக்காவுக்கு மெயில் வந்துவிட்டது! பேயும் இல்லை, வைரஸும் இல்லை. ‘தேதி தெரியவில்லை’ என்பதை அந்த புரோகிராம் அதன் பாஷையில் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, மற்ற குழப்பம் எதனால்? இந்த ஜாதிப் பழைய புரோகிராம்கள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது மிக எளிமையான சமாச்சாரம். யூடோரா, தண்டர்பேர்டு போன்றவற்றில் ஒரு ஃபோல்டரில் உள்ள கடிதங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நீளமான டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு ஃபைல். எந்தக் கடிதம் எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிறது, தலைப்பு என்ன, யார் அனுப்பியது என்று குறித்து வைத்திருக்கும் பொருளடக்கம் அது. யூடோராவில் அதற்கு டிஓசி என்று வால் இருக்கும், தண்டர்பேர்டில் எம்எஸ்எஃப். நாம் திரையில் பார்க்கும் பட்டியல் இந்தப் பொருளடக்கத்திலிருந்து வருவது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பொருளடக்கம் ஒன்று சொல்லும், புத்தகம் ஒன்று சொல்லும். 40-ஆம் பக்கம் என்று போட்டிருக்கும், புரட்டினால் வேறு அத்தியாயம் இருக்கும். அதற்காக யாராவது புத்தகத்தை எடைக்குப் போடுவார்களா? பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் போதாதா?

அதைத்தான் செய்தோம். முதலில் புரோகிராமை மூடிவிட்டு, மெயில் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தோம். இதற்கு முன்னால் எதிலும் கை வைக்கவில்லை. “இன்னும் ஆரம்பிக்கலியா தம்பி?” என்று முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நகல் ஏறி முடிய முக்கால் மணி நேரம். பிறகு பொருளடக்க ஃபைலை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கிவிட்டு, புரோகிராமைத் திறந்தோம். அது பெரிய ஃபைலை முதலிலிருந்து படித்து, புதிய பொருளடக்கத்தைத் தானே எழுதிக்கொண்டது. பட்டியலின் வரிசை மாறியிருந்தது. அகலமாக வைத்திருந்த கட்டங்கள் குறுகியிருந்தன. கடிதங்கள் அத்தனையும் பத்திரம். கஸ்டமரின் ஆர்டரும் கிடைத்தது. அதில் யார் சொன்னது சரி என்பது அவர்கள் வியாபாரம், நமக்கு எதற்கு!

1970-ஆம் வருஷத்துக் கடிதங்களில் ஒன்று மட்டும் அப்புறமும் போகவில்லை. அதற்குக் காரணம் வேறு. அந்த நீளமான ஃபைலில் ஒரு கடிதம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதற்கு அடையாளம், ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரி. கடிதத்துக்குள்ளேயே யாராவது ஒரு வரியை ‘ஃப்ரம்’ என்று ஆரம்பித்துவிட்டால், புரோகிராம் குழம்பி ஒரு கடிதத்தை இரண்டாக வெட்டிவிடக்கூடும். இரண்டாவது துண்டுக்குத் தேதியும் இருக்காது, அனுப்பியவரும் இருக்கமாட்டார். அப்படி ஆகாமல் இருக்க அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு அம்பு முனைக் குறியைச் சேர்ப்பது அந்தக் கால வழக்கம். பழைய மெயில்களில் காரணமில்லாமல் ‘ஃப்ரம்’ முன்னால் ஒரு கூர்முனை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தப்பு இல்லை, தற்காப்பு!

அடுத்த தலைவலி தமிழ். மதுரை டீலர் ஒருவர் தமிழில்தான் எழுதுவார். அவர் கடிதம் இந்தத் திரையில் குப்பையாக விழும். அக்கா அதை வைரஸ் என்று நினைத்து இரண்டு கடிதங்களை அழித்தே விட்டார். இந்த இடத்தில் நம் பாடத்தில் படித்த பைட் கணக்கு நேரடியாக உதவுகிறது, பாருங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் 5 குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே வைக்கும் புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்; ஆக மொத்தம் 15 பைட். இதை யுடிஎஃப்-8 என்று தெரிந்துகொள்ளாத புரோகிராம், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படிக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதல் பைட்டும் ஒன்றேதான். அதனால் தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ‘ஏ’ எழுத்து மூன்று எழுத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் பெரும்பாலும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட டிரேட்மார்க் குறி. ‘ம’ வந்தால் அந்த வட்டக் குறி அடுத்தடுத்து இரண்டு தடவை விழும். இதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளலாம்: உள்ளே இருப்பது நல்ல தமிழ். சாவிதான் மாறிப் போயிருக்கிறது. மெனுவில் எழுத்துக் குறியேற்றத்தை யூனிகோடு என்று மாற்றினால் போதும். அக்கா முன்னால் மாற்றிக் காட்டினேன். டீலர் எழுதிய “ஐயா வணக்கம்” பளிச்சென்று வந்தது.

யூடோராவில் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. 1988-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய புரோகிராம் அது. தபால் ஆபீஸில் போய்க் குடியேறிய பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்ட்டி என்ற எழுத்தாளரின் பெயரை வைத்தார். பிறகு குவால்காம் கைக்குப் போய், 2006-ல் அதன் வளர்ச்சி நின்றது. 2018-ல் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அதன் மூல நிரலையே வெளியிட்டது. எத்தனையோ பேர் உயிரை வைத்திருந்த புரோகிராம். கடைசிவரை யூனிகோடு மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. அதில் தமிழ்க் கடிதம் வந்தால் கடிதத்தை வெளியே எடுத்து வேறு புரோகிராமில்தான் படிக்க வேண்டும்.

எல்லாக் குப்பையும் ஒரே குப்பை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்ட் இல்லை என்று பொருள். கடிதம் நன்றாகவே இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மெஷினாக இருந்தால், சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஃபைல்களை நிறுவியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். ‘தமிழ்’ என்பது நாலே எழுத்தாக, அதுவும் முக்கால் பின்னக் குறியில் ஆரம்பித்துத் தெரிந்தால் அது யூனிகோடே இல்லை; திஸ்கி என்ற பழைய முறை. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்து, 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்துக் கடிதங்கள் எந்த வேஷத்திலும் வரலாம். அந்தந்த ஃபான்டோ, மாற்றித் தரும் புரோகிராமோ இருந்தால் படித்துவிடலாம். வரிசையாகச் சமக்குறியும், ‘ஈ0’, ‘ஏஈ’ போன்ற ஆங்கில எழுத்து-எண்களும் தெரிந்தால், ஏழு பிட் குழாய் வழியாக அனுப்புவதற்காகக் கட்டிய பொட்டலம் இன்னும் அவிழ்க்கப்படவில்லை என்று அர்த்தம்.

வெறும் கேள்விக்குறியாகவே தெரிந்தால்? கண்ட்ரோல்-யு அழுத்தியோ, ஃபைலை நோட்பேடில் திறந்தோ கடிதத்தின் மூலத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால், அனுப்பும் வழியிலேயே எழுத்து செத்துவிட்டது. எந்த எஞ்சினியர் வந்தாலும் முடியாது. அனுப்பியவரைத்தான் திரும்பக் கேட்க வேண்டும். முடியும் என்பதைப் போலவே முடியாது என்பதையும் தைரியமாகச் சொல்வதுதான் நம் தொழில்.

அக்கா அழித்த இரண்டு கடிதங்கள்? இந்தப் புரோகிராம்களில் அழித்தாலும் உடனே போய்விடாது. பெரிய ஃபைலில் ‘இது அழிந்தது’ என்று ஒரு குறி மட்டும் விழும். ‘காம்பாக்ட்’ என்ற வேலை நடக்கும்போதுதான் உண்மையிலேயே வெட்டி எறியும். அதனால் இடம் போதவில்லை என்று அது காம்பாக்ட் செய்யட்டுமா என்று கேட்டால், சரி என்று சட்டென்று அமுக்கிவிடாதீர்கள். நாங்கள் நகல் ஃபைலை நோட்பேடில் திறந்து, டீலரின் விலாசத்தைத் தேடி இரண்டையும் எடுத்தோம். ஒன்றில் பொங்கல் வாழ்த்து. இன்னொன்றில் 12 மோட்டாருக்கு ஆர்டர்!

கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுவது, ஸ்க்ரோல் செய்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வது எல்லாம் வேறு இலாகா. அதற்கு ஒரு சுலபமான சோதனை: ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு மெஷினில் பாருங்கள். அங்கே சுத்தமாகத் தெரிந்தால் மானிட்டரையோ, கேபிளையோ, கிராபிக்ஸ் கார்டு வெளியே அனுப்பும் வழியையோ சந்தேகப்படலாம். படத்திலும் கறுப்புத் திட்டு இருந்தால் புரோகிராம் அல்லது டிரைவர். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள். ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் சேஃப் மோடில் திறந்து பாருங்கள். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு ஜன்னலே காணோம் என்றால், அது இல்லாத மானிட்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ட்-ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்புக்குறியைத் தட்டி இழுத்து வரலாம். அதற்கும் ஃபார்மட் அடித்த ஆசாமியை எனக்குத் தெரியும்.

கடிதத்தின் முடிவில் தனியாக ஒரு ‘ஜே’ நிற்பதைப் பற்றியும் அக்கா கேட்டார். “இது யாருங்க தம்பி ஜே? எல்லா லெட்டர்லயும் கையெழுத்துப் போடறாரு?” அவுட்லுக்கில் புன்னகைக் குறி தட்டினால் அது விங்டிங்ஸ் ஃபான்டில் உள்ள சிரிப்பு முகமாக மாறும். அந்த ஃபான்டில் சிரிப்பு முகம் உட்கார்ந்திருக்கும் இடம் ‘ஜே’. ஃபான்டைக் கண்டுகொள்ளாத புரோகிராமில் சிரிப்பு போய் ‘ஜே’ மட்டும் மிஞ்சும்.

என் சீனியர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “டேய், இந்தக் காலத்துல எவன்டா இதை வெச்சிருக்கான்? எல்லாத்தையும் வெப் மெயிலுக்கு மாத்திட்டுப் போவியா” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துப் பழைய புரோகிராம்கள் ஜிமெயில் தனிநபர் கணக்குக்குள் நுழையும் வழியை கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத புரோகிராமில் தினமும் வெளியாள் கடிதத்தைத் திறப்பது, கதவில்லாத வீட்டில் பீரோவைத் திறந்து வைப்பதற்குச் சமம். மாற்றத்தான் வேண்டும். அந்தக் கம்பெனியிலும் முதலாளியிடம் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் வரிசை முக்கியம். 2011-லிருந்து சேர்ந்த கடிதங்களைப் புதிய இடத்துக்கு ஏற்றுவது யார்? பொருளடக்கம் கெட்டுப் போன நிலையில் அப்படியே ஏற்றினால் குப்பையும் சேர்ந்து ஏறும், நல்லது சில விட்டுப்போகும். முதலில் நகல், பிறகு பரிசோதனை, அப்புறம் பழுது நீக்கம், கடைசியாகக் குடிமாற்றம். ஃபார்மட் அடிப்பவர் நேராகக் குடிமாற்றத்துக்குப் போகிறார், மூட்டை முடிச்சை விட்டுவிட்டு!

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். “200 ரூபாய் சர்வீஸுக்கு இவ்வளவு பார்க்க முடியுமா?” என்று. முடியாதுதான். அதற்காக 200 ரூபாய் வேலை என்று சொல்லி ஒரு கம்பெனியின் பத்துப் பன்னிரண்டு வருஷக் கணக்கை அழிக்கலாமா? “இன்று நகல் மட்டும் எடுக்கிறேன், மிச்சத்துக்கு நாளை ஒரு நாள் ஆகும், அதற்கு இவ்வளவு” என்று வாயைத் திறந்து கேட்கலாமே. கேட்கத் தயங்கித்தான் நம்மில் பாதிப் பேர் மந்திரத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்பது என் அபிப்பிராயம். சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

நம் சர்வீசிங் லேபில் சொல்லித் தருவது என்ன? பார்ட்டிஷன் போடுவது, ஓ.எஸ். ஏற்றுவது, டிரைவர் ஏற்றுவது. அத்தனையும் காலி மெஷினில்! வெளியே போனால் காலி மெஷினை யாரும் நம்மிடம் தருவதில்லை. யாரோ ஒருவருடைய பத்து வருஷம் நிறைந்த மெஷினைத்தான் தருகிறார்கள். ஆகவே யூனியன் சார்பில் துறைத்தலைவர் அவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். ஓரமாகக் கிடக்கும் பழைய மெஷின்களில் இரண்டை, நெட் இணைப்பு இல்லாமல், கெட்டுப் போன மெயில் ஃபைல்களோடு பழகுவதற்கென்று ஒதுக்கித் தர வேண்டும் என்று. சனிக்கிழமை மதியம் லேப் திறந்து வைக்க லேப் அண்ணன் சம்மதித்துவிட்டார்.

வருபவர்கள் சொந்த மெயிலின் நகலைப் பென் டிரைவில் கொண்டு வரவும். கெடுக்கும் வேலையை நாங்களே செய்து தருகிறோம். பக்கத்து ஆபீஸ், மாமா கடை என்று அடுத்தவர் கடிதங்களைக் கொண்டு வர வேண்டாம். அந்த 12 மோட்டார் ஆர்டரைத் தேடும்போது கண்ணில் பட்ட மற்றவர் விஷயங்களையே நான் இன்னும் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை